அணையாவிளக்குத் தெருவில் ஒரு பெருமூச்சு

குருவிநத்தத்தில் அணையாவிளக்குத் தெரு என்று ஒரு தெரு உண்டு, அந்தத் தெருவில் யாரும் பெருமூச்சு விடமாட்டார்கள். தும்மலாம், இருமலாம், கொட்டாவி விட்டு வாய்க்கு முன்னால் விரலைச் சொடுக்கலாம், சண்டை என்று வந்தால் தொண்டை கிழியக் கத்தலாம், ஆனால் நெஞ்சுக்குழியிலிருந்து நீளமாக ஒரு மூச்சு கிளம்பி வெளியே வரப் பார்த்தால் அதை அங்கேயே மடக்கி எச்சிலோடு எச்சிலாக விழுங்கிவிட வேண்டும். எந்தக் காலத்திலோ அந்தத் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்த ஒருத்தி விளக்கு வைக்கிற நேரத்தில் விட்ட பெருமூச்சு, அடுப்படி தாண்டி, வாசல் தாண்டி, தெருவோடு போய் முனையிலிருக்கிற அம்மன் கோயில் விளக்கை அணைத்துவிட்டதாம், அந்த வருஷம் கிணறு வற்றிக் கம்பு கருகி ஊரே புளியங்கொட்டையை வறுத்துத் தின்றதாம். அன்றைக்குப் போட்ட கட்டுப்பாடு. அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு அம்மா என்று சொல்லப் பழக்குவதற்கு முன்னாலேயே மூச்சை விழுங்கப் பழக்கிவிடுவார்கள். விழுங்கின மூச்சு வேறெங்கே போகும், வயிற்றுக்குத்தான் போகும். அதனால் அந்தத் தெருவில் வயிற்று உப்புசம் இல்லாத வீடு கிடையாது, தவசி அண்ணாச்சி கடையில் இஞ்சி சோடா விற்காத நாளும் கிடையாது.

இந்தத் தெருவில், இப்படிப்பட்ட வயிறுகளுக்கு நடுவில்தான், பேச்சியம்மாள் வீட்டுக்கு ஒரு புதுக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது.

பேச்சியின் புருஷன் வைரவன் லாரி ஓட்டினவன். கல்யாணமான நாளிலிருந்து அவன் கிளம்பிப் போவதும் அவள் வாசலில் நிற்பதும்தான் அவர்கள் குடித்தனம். சர்க்கரை வியாதி வந்து கண்ணைத் தொட்டது. ஒரு தடவை மலைப்பாதையில் இறங்கும்போது ஒரு வளைவு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வளைவு தெரிந்திருக்கிறது. எது நிஜம் என்று தெரியாமல் அவன் வண்டியை ஓரங்கட்டி, கீழே இறங்கி, கல்லில் உட்கார்ந்துவிட்டான். சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறி ஊருக்கு வந்து, "வந்துட்டேன் பேச்சி, இனி போகல" என்றான். பேச்சிக்கு நெஞ்சிலிருந்து என்னமோ ஒன்று அலை மாதிரி எழும்பியது. அந்தத் தெருக்காரி அல்லவா, விழுங்கிவிட்டு, "கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்" என்றாள். அதற்கப்புறம் அதைப் பற்றி அவனும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. அவன் சோறு வடிக்கக் கற்றுக்கொண்டான், அவள் வேலை தேடக் கற்றுக்கொண்டாள்.

கிடைத்த வேலை பேசுகிற வேலை. ஆம்னி பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டுத் தருகிற ஒரு சென்னைக் கம்பெனி, வீட்டில் இருந்தபடியே ஜனங்களுக்குப் பதில் சொல்ல ஆள் எடுத்தது. பஸ் எங்கே நிற்கிறது, ஏன் இன்னும் வரவில்லை, ஜன்னல் சீட்டு கேட்டால் ஏன் டயருக்கு மேலே கொடுத்தாய் என்று கேட்பவர்களுக்கெல்லாம் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். பேச்சி என்று பேர் வைத்த புண்ணியம் இப்போதாவது பலித்ததே என்று தெருவே கேலி பேசியது. கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, வண்டிச் சக்கரத்துக்கு வைக்கிற மாதிரி அடியில் ஒரு எலுமிச்சம்பழத்தையும் வைத்து நசுக்கப் பார்த்து, அது முடியாமல் கத்தியால் வெட்டிப் போட்டுவிட்டு, வைரவன் சுவிட்சைத் தட்டினான்.

தட்டியதும் பெட்டி இரைய ஆரம்பித்தது. புது மிஷின் சத்தம் போடத்தான் செய்யும், போகப் போகச் சரியாகும் என்றார்கள். போகப் போக அது கூடியது. மின்விசிறி சுற்றுகிற சத்தம் என்றால் ஒரே சீராக இருக்க வேண்டாமா, இது அப்படி இல்லாமல் ஆழத்திலிருந்து எழும்பி, நீண்டு, இறங்கி, முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது மறுபடி எழும்பியது. பேச்சி அதற்கு முட்டுக் கொடுத்துப் பார்த்தாள், மாவு டின்னின்மேல் தூக்கி வைத்துப் பார்த்தாள், சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள், கம்பளியைப் போர்த்தினாள். போர்த்தியதும் காய்ச்சல்காரனைப் போலச் சூடேறி இன்னும் பலமாக இரைந்தது.

போனில் கூப்பிடுகிறவர்களுக்கு அவள் குரலுக்கு முன்னால் அந்தச் சத்தம்தான் கேட்டது. பெருங்களத்தூரில் பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்த ஒருவர், அக்கா நீங்க பஸ்ஸுக்குள்ள இருந்துதானே பேசுதீங்க, டிரைவர்கிட்ட சொல்லி எங்களையும் ஏத்திக்கோங்க என்று கெஞ்சினார். மேலாளர் தீபன் மரியாதையான பையன், மேடம் மேடம் என்றுதான் பேசுவான், ஆனால் சொல்ல வேண்டியதை அவனும் சொல்லிவிட்டான். இது சோதனை மாசம். மாசக் கடைசியில் அவனே கூப்பிட்டுக் கேட்பான். சத்தம் நிற்கவில்லை என்றால் வேலை நிலைக்காது.

வேலை போனால் திருப்பூர் பனியன் கம்பெனி விடுதிக்குத்தான் போக வேண்டும். அவள் போனால் ஒரு அடுப்பு இரண்டாகத் தெரிகிற மனுஷனை யார் பார்த்துக்கொள்வது? பேச்சிக்கு அந்த நினைப்பே சோறு இறங்கவிடவில்லை.

வைரவனுக்கு மட்டும் சத்தமே கேட்கவில்லையாம். "எனக்கு ஒண்ணும் கேக்கலயே" என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டர் மேஜைக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வான். மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பான். பேச்சி ஒருநாள் தற்செயலாகக் கீழே பார்த்தாள். பெட்டியின் சத்தம் எழும்பும்போது அவன் வலதுகால் தரையை மெல்ல அழுத்தியது, இறங்கும்போது விட்டது. அவள் பார்த்தும் பார்க்காத மாதிரித் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த வீட்டுச் சீனியம்மாள் கருவேப்பிலை கேட்டு வந்தவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். கோழி தன் குஞ்சின் சத்தத்தைக் கேட்கிற மாதிரி இரண்டு பக்கமும் சாய்த்துச் சாய்த்துக் கேட்டாள்.

"ஏ பேச்சி, இது நான் முழுங்குனதுல்லா" என்றாள்.

எது மதினி என்று பேச்சி கேட்டாள். மணவறையில் உட்கார்ந்து பக்கத்தில் முதல்முறையாக மாப்பிள்ளையை ஏறிட்டுப் பார்த்தபோது போட்டோவில் பார்த்ததைவிட ஒரு சாண் குறைச்சலாக இருந்தாராம், அப்போது வந்த பெருமூச்சை விழுங்கினாளாம், அதுதான் இது, இந்த இழுப்பும் கடைசியில் வருகிற இந்தச் சின்னக் குலுக்கலும் தன்னுடையதுதான், வேறு யாருடையதும் இப்படி முடியாது என்று சீனியம்மாள் அடித்துச் சொன்னாள். சாயங்காலத்துக்குள் தெருவில் பாதிப்பேர் வந்து காதை வைத்துக் கேட்டுவிட்டார்கள். வந்தவர்கள் எல்லோரும் தங்களுடையதைக் கண்டுபிடித்தார்கள். நிச்சயம் முறிந்தபோது விழுங்கியது, பரீட்சை முடிவைப் பார்த்து விழுங்கியது, பாகப் பிரிவினையில் கிணற்றுப் பக்கம் தம்பிக்குப் போனபோது விழுங்கியது என்று ஒன்றோடு ஒன்று முறுக்கிக்கொண்டு எல்லாம் அந்தப் பெட்டிக்குள் ஓடிக்கொண்டிருந்தன. யாரும் ஆச்சரியப்படவில்லை. இத்தனை காலமாக விழுங்கினது எங்கேயாவது ஒரு இடத்தில் வெளியே வரத்தானே வேண்டும் என்றார்கள். பேச்சி வீட்டில் வந்ததுதான் அவளுடைய கெட்ட நேரம் என்றும் சொன்னார்கள்.

கோயில் கமிட்டியில் தவசி அண்ணாச்சிதான் செயலாளர். விளக்குக்கு ஆபத்து வருமா என்று அவரிடம் கேட்டார்கள். அவர் யோசித்து, ஆள் விட்டால்தான் தோஷம், மிஷின் விட்டால் அது வெறும் காற்று என்று தீர்ப்புச் சொன்னார். தெரு நிம்மதியாகத் தூங்கப் போனது. பேச்சிக்குத்தான் நிம்மதி இல்லை, அவள் கோவில்பட்டியிலிருந்து மெக்கானிக் ஜெபசிங்கை வரவழைத்தாள்.

ஜெபசிங் பெட்டியைப் பிரித்தார், ஊதினார், துடைத்தார், விசிறிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கழற்றிய விசிறிகளை மேஜைமேல் வரிசையாக வைத்தார். கரண்ட் வயரையும் பிடுங்கினார். வெறும் தகரப் பெட்டி எப்போதும் போல இரைந்துகொண்டிருந்தது. வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் வாசலில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். ஜெபசிங் பெட்டியைப் பார்த்தார், விசிறிகளைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், அசலூர்க்காரருக்கு நம் கட்டுப்பாடு எப்படித் தெரியும், "ஆண்டவரே" என்று அடிவயிற்றிலிருந்து ஒரு பெருமூச்சு விட்டார்.

வாசலில் நின்றவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் வாயைப் பொத்தினார்கள். ஒருத்தி கோயிலுக்கு ஓடினாள். விளக்கு அணையவில்லை, திரியைத் தூண்டிவிட்ட மாதிரி நன்றாகவே எரிகிறது என்று வந்து சொன்னாள். அவள் வந்து சொல்லும்போதுதான் எல்லோரும் கவனித்தார்கள், பெட்டியின் சத்தம் ஒரு பிடி குறைந்திருந்தது.

ஜெபசிங் விசிறிகளைத் திரும்ப மாட்டிக் கொடுத்து, மிஷினில் பழுது ஒன்றுமில்லை, இதற்குமேல் என் படிப்பில் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். தெரு மறுபடி கூடியது. அவர் அசலூர், அதனால் விளக்கு கண்டுகொள்ளவில்லை என்று ஒரு கட்சி. பட்டப்பகலில் விட்டதால் தோஷமில்லை என்று ஒரு கட்சி. இரண்டு கட்சியும் வாதாடிக்கொண்டிருக்கும்போதே சீனியம்மாள் எழுந்துபோய்ப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, அந்த மணவறை மூச்சை விட்டுவிட்டாள். விட்டு முடித்துக் கடைசியில் அந்தச் சின்னக் குலுக்கலும் குலுக்கினாள். பெட்டியிலிருந்து ஒரு இழை உருவினது போலச் சத்தம் மெலிந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வீட்டுக்குப் போன சீனியம்மாள் சாண் குறைந்த புருஷனுக்குப் பணியாரம் சுட்டுக் கொடுத்தாளாம், அவர் என்ன விசேஷம் என்று கேட்டுக்கொண்டே தின்றாராம்.

அதற்கப்புறம் தவசி அண்ணாச்சியால் மறுக்க முடியவில்லை. பகலில் விடலாம், பேச்சி வீட்டில் மட்டும் விடலாம், பெட்டியைப் பார்த்துத்தான் விட வேண்டும், விளக்கு வைக்கிற நேரத்தில் மட்டும் எக்காரணம் கொண்டும் கூடாது என்று கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்.

தெரு வந்தது. காலையில் தண்ணீர் பிடித்து முடித்துவிட்டு வந்தார்கள், தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போகிற வழியில் வந்தார்கள். போன் வந்தால் பேச்சி கையைத் தூக்குவாள், வந்தவர்கள் பாதி மூச்சோடு அப்படியே நிற்பார்கள், அவள் நாகர்கோவில் வண்டி திருமங்கலம் தாண்டிவிட்டது என்று யாருக்கோ சொல்லி முடித்துத் தலையாட்டியதும் மிச்சத்தை விடுவார்கள். சிலருக்கு ஒன்றுதான் இருந்தது. சிலர் கோணி ஊசியால் தைத்து வைத்த மூட்டையைப் பிரிப்பதுபோல நாளுக்கு ஒன்றாக வந்து விட்டுப் போனார்கள். விட்டவர்கள் வயிறு இறங்கியது, ரவிக்கையும் சட்டையும் தொளதொளத்தன, சோடாக்கடை ஈ ஓட்டியது. கடைசியில் தவசி அண்ணாச்சியே வந்தார். சொந்தத் தம்பி எதிர்த்தாற்போல் சோடாக்கடை போட்ட அன்றைக்கு விழுங்கினது, ரொம்பப் பழசு, கொஞ்சம் நாறும், தப்பாக எடுத்துக்கொள்ளாதே தாயி என்று சொல்லிவிட்டு விட்டார். மறுநாளிலிருந்து அவர் கடையில் நன்னாரி சர்பத்.

தெருவில் எல்லோரும் விட்டு முடித்துவிட்டார்கள். பெட்டியில் சத்தம் இன்னும் மிச்சம் இருந்தது. முன்னைப் போல இரைச்சல் இல்லைதான், ஆனால் மெல்லிசாக, விடாமல், போனில் பேசுகிறவருக்குக் கேட்கிற அளவுக்கு இருந்தது. செத்துப் போனவர்களுடையதாக இருக்கும், அதற்கு யார் வந்து விடுவது என்று சீனியம்மாள் கைவிரித்தாள். மாசக் கடைசியும் வந்துவிட்டது. இன்றைக்குச் சாயங்காலம் கூப்பிடுவேன் மேடம் என்று தீபன் சொல்லிவிட்டான்.

சாயங்காலம் பேச்சி விளக்கேற்றி வைத்துவிட்டு மேஜைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். பெட்டி இரைந்துகொண்டிருந்தது. வைரவன் வழக்கமான இடத்தில் சுவரில் சாய்ந்திருந்தான், அவன் கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. அவளுக்குத் திருப்பூர் விடுதியின் இரும்புக் கட்டில் கண்முன்னால் வந்தது. இனிமேலும் பார்க்காத மாதிரி இருக்க அவளால் முடியவில்லை.

"உங்களுக்குக் கேக்குல்லா?" என்றாள்.

அவன் காலை எடுத்தான். "கேக்கு. என் வண்டிச் சத்தம். ரெண்டாம் கியர்ல மேடு ஏறுது. நிப்பாட்ட மனசு வரல பேச்சி. உன் வேலைக்கு உலை வைக்குன்னு தெரிஞ்சும் சும்மா இருந்துட்டேன்."

"அன்னிக்கு வந்தப்பயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"நீ சாப்பிடுங்கன்னுட்ட. எம்மேல ஒரு குறை சொல்லல. நீயே முழுங்கிட்டு நிக்கும்போது நான் எப்படி விட?"

சொல்லிவிட்டு அவன் கண்ணை மூடினான். பின்பு வண்டியை ஓரங்கட்டுகிற மாதிரி, நிதானமாக, ஒவ்வொரு கியராக இறக்குகிற மாதிரி, அந்தப் பெருமூச்சை விட்டான். சரக்கும் கைகாட்டியும் டீக்கடையும் மழை பெய்த தார்ரோடும் எல்லாம் அதில் போயின. விளக்கு வைக்கிற நேரம் என்பதை இரண்டு பேருமே மறந்திருந்தார்கள். வீட்டு விளக்கின் சுடர் ஒருபக்கமாகச் சாய்ந்து, பிறகு நிமிர்ந்துகொண்டது.

சத்தம் பாதியானது. நிற்கவில்லை.

"மிச்சம் உன்னுது" என்றான் வைரவன்.

பேச்சி காதைக் கொடுத்துக் கேட்டாள். இத்தனை நாளும் அவளும் தேடிப் பார்க்காமலா இருந்தாள், தன் கவலைகளை ஒவ்வொன்றாக எடுத்து அந்தச் சத்தத்தோடு பொருத்திப் பார்த்திருக்கிறாள், அப்பா செத்தது, பிள்ளை தங்காமல் போனது, எதுவும் பொருந்தவில்லை. இப்போது அது ஒன்று மட்டும் தனியாக ஓடும்போது கேட்டால் அதில் அழுகையே இல்லை. அது லேசாக இருந்தது. வெயிலில் நடந்து வந்து செருப்பைக் கழற்றும்போது வருமே அந்த மாதிரி இருந்தது. எதிரில் தட்டைப் போட்டுச் சாப்பிடுங்க என்று சொன்ன அந்த மத்தியானம் அவளுக்கு ஞாபகம் வந்தது, அன்றைக்கு நெஞ்சில் எழும்பியது எது என்று அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. தெரிந்ததும் வெட்கத்தில் முகம் சிவந்துபோனது.

"நான் சொன்னா கோவிக்கக் கூடாது" என்றாள்.

"சொல்லு."

"அன்னிக்கு நீங்க இனி போகலன்னு சொன்னப்ப எனக்குச் சந்தோஷமா இருந்திச்சு. நீங்க கண்ணு போயி, தொழிலு போயி வந்து நிக்கீங்க, எனக்கு மனசு குளுந்துபோச்சு. இனிமே எந்த நேரத்துல எவன் வந்து என்ன சேதி சொல்லப் போறானோன்னு வாசலையே பாத்துக்கிட்டுக் கிடக்க வேண்டாம்லா. அத எப்படி உங்க மூஞ்சியப் பாத்து விட? பாவி, எம் புருசன் இப்படி நிக்கையில எனக்கு எங்கயிருந்து வந்திச்சு நிம்மதி?"

வைரவன் அவளைப் பார்த்தான். இரண்டாகத் தெரிகிற கண்ணில் இரண்டு பேச்சியாகத் தெரிந்திருப்பாள், இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தான்.

"விட்ரு தாயி" என்றான்.

அவள் விட்டாள். துயரப் பெருமூச்சுக்கென்று கட்டுப்பாடு போட்ட அந்தத் தெரு, நிம்மதிப் பெருமூச்சு என்று ஒன்று இருக்கிறதே என்பதை யோசிக்காமல் இரண்டையும் சேர்த்து மடக்கி வைத்திருந்தது, அது எத்தனை பெரிய மடத்தனம் என்று அந்த மூச்சு போகப் போக அவளுக்குத் தெரிந்தது. அவன் லாரி ஏறிப் போன நாளெல்லாம் சேர்த்துப் பிடித்து வைத்திருந்த மூச்சு அல்லவா, அது முடிய நேரமாயிற்று. அடுப்படி தாண்டியது, வாசல் தாண்டியது, தெருவோடு போனது. கோயிலில் அந்நேரம் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த தவசி அண்ணாச்சி, சுடர் ஒருமுறை சரி என்று தலையாட்டுவதுபோல ஆடிவிட்டு முன்னைவிட ஒரு விரற்கடை உயரமாக எழுந்து எரிந்ததைப் பார்த்ததாகப் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னார். கட்டுப்பாடு என்னவாயிற்று என்று அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பெட்டி ஓய்ந்தது.

கரண்ட் போய்விட்டதோ என்று பேச்சி நிமிர்ந்து பார்த்தாள். திரையில் வெளிச்சம் இருந்தது, பஸ்களெல்லாம் அதது போகிற ரோட்டில் போய்க்கொண்டிருந்தன. கை வைத்துப் பார்த்தாள், விசிறி சுற்றுகிற காற்று மட்டும் உள்ளங்கையில் மெத்தென்று பட்டது. வீட்டில் இத்தனை சத்தங்கள் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. பல்லி சொன்னது, உலை கொதித்தது, பக்கத்து வீட்டில் சீனியம்மாளின் புருஷன் எதற்கோ சிரித்தார்.

போன் அடித்தது. பேச்சி எடுத்து வணக்கம் சொன்னாள். அந்தப் பக்கம் தீபன். பழகிப்போன இரைச்சல் இல்லாததால் அவனுக்குக் குழப்பமாகிவிட்டது போலிருக்கிறது.

"மேடம், லைன் கட்டாயிடுச்சா? இருக்கீங்களா?"

பேச்சி புருஷனைப் பார்த்தாள். அவன் சுவரிலிருந்து எழுந்து, மேஜையைத் தடவிப் பிடித்துக்கொண்டு, அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தான்.

"இருக்கோம் சார்" என்றாள்.